கூட்டினால் 1 வரவில்லையா? திரும்ப வைக்காமல் எடுக்கும் கணக்குகளில் பிழை பிடிக்கும் வழி

பிளஸ் டூ கணக்கில் நிகழ்தகவுப் பரவல் பாடம் நடத்தும்போது ஒரு வகைக் கணக்கு மட்டும் ஒவ்வொரு ஆண்டும் பிள்ளைகளை மடக்குகிறது. பெட்டியிலிருந்து சில பொருள்களை எடுக்க வேண்டும், எடுத்ததைத் திரும்ப வைக்கக் கூடாது. எடுத்ததில் எத்தனை பழுது, எத்தனை ஏஸ், எத்தனை வெள்ளைப் பந்து என்று பரவலையும் (எந்த எண்ணிக்கை எந்த நிகழ்தகவோடு வரும் என்ற பட்டியல்) சராசரியையும் காண வேண்டும். முறை தெரிந்தவர்களுக்கும் இதில் விடை தப்பும். ஆனால் தப்பான விடை பெரும்பாலும் ஒரு தடயத்தை விட்டுவிட்டுத்தான் போகும். அந்தத் தடயத்திலிருந்து பிழை இருக்கும் இடத்துக்குப் போவது எப்படி என்று எழுதுகிறேன். உங்கள் தாளில் தெரியும் கோளாறு எந்தத் தலைப்பில் இருக்கிறதோ அங்கே நேராகப் போய்விடலாம்.

பேச்சுக்கு ஒரு கணக்கை வைத்துக்கொள்வோம். பெட்டியில் 10 பல்பு. அதில் 3 பியூஸ் போனவை, 7 நல்லவை. பார்க்காமல் 4 எடுக்கிறோம். எடுத்ததில் பியூஸ் போனவை எத்தனை என்பதுதான் நம் சமவாய்ப்பு மாறி. சே(10, 4) என்று எழுதினால், 10 பொருள்களில் 4-ஐ வரிசை பார்க்காமல் தேர்ந்தெடுக்கும் வழிகள் என்று பொருள். அது 210. நி(2) என்றால் மாறியின் மதிப்பு 2 ஆக இருப்பதற்கான நிகழ்தகவு.

சரியான விடை இது:

நி(0) = சே(3, 0) × சே(7, 4) ÷ 210 = 35/210
நி(1) = சே(3, 1) × சே(7, 3) ÷ 210 = 105/210
நி(2) = சே(3, 2) × சே(7, 2) ÷ 210 = 63/210
நி(3) = சே(3, 3) × சே(7, 1) ÷ 210 = 7/210

மேலே உள்ள தொகுதிகளைக் கூட்டினால் 35 + 105 + 63 + 7 = 210, அதாவது நிகழ்தகவுகள் எல்லாம் சேர்ந்து 1. எப்போதும் அப்படித்தான் வர வேண்டும். ஒவ்வொரு மதிப்பையும் அதன் நிகழ்தகவால் பெருக்கிக் கூட்டினால் சராசரி: (105 + 126 + 21) ÷ 210 = 252/210 = 1.2. இந்த 252-ஐ நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வேறொரு வேடத்தில் வரும்.

பின்னங்களைச் சுருக்கவில்லை, கவனித்தீர்களா? கடைசி வரிவரை பகுதி 210 ஆகவே இருக்கட்டும். 1/6, 1/2, 3/10, 1/30 என்று சுருக்கிவிட்டால் எதுவும் தப்பாகிவிடாது. ஆனால் பிழை இருந்தால் அது கண்ணுக்குப் படாது.

முதலில் கேள்வியைப் படியுங்கள்

"திரும்ப வைக்காமல்" என்று கேள்வியிலேயே இருந்தால் குழப்பம் இல்லை. "ஒரே நேரத்தில் 4 எடுக்கிறார்" என்றாலும் அதே பொருள்தான். ஒரே பல்பு ஒரே கையில் இரண்டு முறை வர முடியாதல்லவா? "ஒன்றன்பின் ஒன்றாக" என்று மட்டும் இருந்தால் அங்கே நின்று யோசியுங்கள். அது வரிசையைச் சொல்கிறது, திரும்ப வைத்தாரா இல்லையா என்பதைச் சொல்லவில்லை.

இந்தக் குழப்பத்துக்கு வயது 350 ஆண்டுக்கு மேல். டச்சு அறிஞர் கிறிஸ்தியான் ஹைகன்ஸ் 1657-இல் வெளிவந்த தன் நிகழ்தகவு நூலின் முடிவில் வாசகர்களுக்கு 5 கணக்குகள் கொடுத்தார். அதில் ஒன்று: 12 பந்துகளில் 4 வெள்ளை, 8 கறுப்பு. மூன்று பேர் கண்ணைக் கட்டிக்கொண்டு மாறி மாறி எடுக்கிறார்கள். முதலில் வெள்ளை எடுப்பவர் வெற்றி. மூவரின் வாய்ப்புகள் என்ன விகிதத்தில் இருக்கும்? ஹைகன்ஸின் விடை 9 : 6 : 4. ஆம்ஸ்டர்டாமைச் சேர்ந்த யான் ஹுடே கொண்ட பொருளில் போட்டால் 77 : 53 : 35 வரும். இருவரும் கணக்கில் தேர்ந்தவர்கள், இரண்டு விடையுமே சரி. ஹைகன்ஸ் பந்தைத் திரும்பப் போட்டுவிட்டதாகக் கொண்டார், ஹுடே போடவில்லை என்று கொண்டார். கேள்வியில் அது எழுதப்படவே இல்லை. அதனால் விடைத்தாளின் முதல் வரியாக "திரும்ப வைக்கப்படவில்லை எனக் கொள்கிறேன்" என்று எழுதிவிட்டுத் தொடங்கச் சொல்வேன். அந்த வரிக்குத் தனியாக மதிப்பெண் கிடைக்காவிட்டாலும், எந்தக் கணக்கைப் போடுகிறோம் என்பது உங்களுக்கே தெளிவாகிவிடும்.

கோளாறு: எல்லாவற்றையும் கூட்டினால் 1-க்குக் குறைகிறது

மிகக் கொஞ்சமாகக் குறைந்தால், அதாவது 0.99 என்று வந்தால், தசமத்தை வெட்டியதுதான் காரணம். 35/210-ஐ 0.16 என்றும் 7/210-ஐ 0.03 என்றும் வெட்டினால் கூட்டுத்தொகை 0.99 ஆகிவிடும். பின்னமாகவே வைத்திருங்கள், போதும்.

நிறையக் குறைந்தால் வரிசைகளை மறந்திருக்கிறீர்கள். ஒவ்வொன்றாக எடுப்பதாக வைத்துப் பெருக்குபவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும். ஒரே ஒரு பியூஸ் பல்பு வருவதற்கு

3/10 × 7/9 × 6/8 × 5/7 = 1/8

என்று எழுதுவார்கள். இது பியூஸ் பல்பு முதலாவதாக வந்த வழி மட்டும். அது இரண்டாவதாகவும் மூன்றாவதாகவும் நான்காவதாகவும் வரலாமே! நான்கு இடங்களுக்கும் அதே 1/8 தான். பின்னங்கள் இடம் மாறும், பெருக்குத்தொகை மாறாது. ஆகவே 4 × 1/8 = 1/2. இதுவே 105/210.

வரிசையை மறந்துவிட்டால் இந்தக் கணக்கில் 1/6, 1/8, 1/20, 1/120 என்று கிடைக்கும். கூட்டினால் 0.35 தான். சரிசெய்ய, வரிசைகளின் எண்ணிக்கையான 1, 4, 6, 4 ஆகியவற்றால் முறையே பெருக்குங்கள். 1/6, 1/2, 3/10, 1/30 வந்துவிடும். மர வரைபடம் போட்டிருந்தால் கிளை நுனிகளை எண்ணிப் பாருங்கள். 2 பியூஸ், 2 நல்லது என்று முடியும் நுனிகள் 6 இருக்க வேண்டும். குறைந்தால் எந்தக் கிளை விட்டுப்போனது என்று மரமே காட்டிவிடும்.

கோளாறு: 1-ஐத் தாண்டுகிறது

இதற்குப் பொதுவாக இரண்டு காரணங்கள். முதலாவது, தொகுதியில் வரிசை பார்த்து, பகுதியில் வரிசை பார்க்காமல் எண்ணுவது. 4 ஏஸ் உள்ள 52 சீட்டில் 2 எடுக்கும்போது சரியாக ஓர் ஏஸ் வரும் வழிகள் 4 × 48 = 192. "ஏஸ் முதலில் வரலாம், அப்புறமும் வரலாம்" என்று அதை 2-ஆல் பெருக்கி 384 ஆக்கிவிட்டு, கீழே சே(52, 2) = 1326 என்று போட்டால் கதை கெட்டது. மொத்தம் 1128 + 384 + 6 = 1518 ஆகிவிடும். வரிசை பார்ப்பதென்றால் மேலும் கீழும் பாருங்கள். பகுதி 52 × 51 = 2652 ஆகட்டும், 384/2652 சரியான விடைதான். பார்க்காவிட்டால் இரண்டிலும் பார்க்காதீர்கள்.

இரண்டாவது காரணத்தை ஒரு மாணவியின் தாளில் பார்த்தேன். நெடுநேரம் அதை விட்டு என்னால் நகர முடியவில்லை. பல்புக் கணக்கில் குறைந்தது ஒரு பியூஸாவது வருவதற்கு அவள் போட்ட வழி இது: 3 பியூஸில் ஒன்றை எடுத்து வைத்துவிடுவோம், மீதி 9 பல்பில் எந்த 3 வந்தாலும் சரி. 3 × சே(9, 3) = 3 × 84 = 252. மொத்த வழிகளோ 210 தான்! "சார், மொத்தத்தைவிட அதிகமா எப்படி வரும்?" என்று கேட்டாள்.

எங்கே பிழை? இரண்டு பியூஸ் உள்ள ஒரு தேர்வை எடுத்துக்கொள்ளுங்கள். முதலாவது பியூஸை "எடுத்து வைத்த" பல்பாகக் கொண்டு ஒருமுறை, இரண்டாவதைக் கொண்டு இன்னொரு முறை, ஆக இரண்டு தடவை அதை எண்ணியிருக்கிறாள். மூன்று பியூஸ் உள்ள தேர்வை மூன்று தடவை. அதாவது 105 × 1 + 63 × 2 + 7 × 3 = 252.

இந்த வரியை மேலே எங்கோ பார்த்தோம் அல்லவா? சராசரி காணும்போது தொகுதியில் வந்த கூட்டல் இதுவேதான். ஒவ்வொரு தேர்வையும் அதில் உள்ள பியூஸ்களின் எண்ணிக்கை அளவுக்கு எண்ணினால் கிடைப்பது நிகழ்தகவு ஆகாது, சராசரி ஆகும். 252/210 = 1.2. அவள் நிகழ்தகவைத் தேடிப் போய்ச் சராசரியைக் கண்டுபிடித்திருந்தாள். பரவலே இல்லாமல் சராசரிக்கு நேராகப் போகும் வழி இது. பிழையைத் திருத்தியதோடு அந்தத் தாளில் ஒரு நட்சத்திரமும் போட்டுக் கொடுத்தேன்.

குறைந்தது ஒன்று வேண்டுமென்றால் 1 − நி(0) = 175/210. வேறு வழியில் போகாதீர்கள்.

கோளாறு: இருக்கவே முடியாத ஒரு மதிப்பு அட்டவணையில் இருக்கிறது

பெட்டியில் இருப்பதே 3 பியூஸ். நி(4) = 0.0081 என்று ஒரு வரி வந்திருந்தால் ஈருறுப்புப் பரவலை, அதாவது ஒவ்வொரு முறையும் திரும்ப வைத்து எடுக்கும் கணக்குக்கான பரவலை, போட்டிருக்கிறீர்கள். 0.3-ஐ நான்கு முறை பெருக்கிய எண் அது. இல்லாத நான்காவது பியூஸ் பல்பு எங்கிருந்து வந்தது என்று கேட்டாலே போதும்.

கீழ் எல்லையையும் பாருங்கள், அதைத்தான் பலர் மறக்கிறார்கள். 10 பல்பில் 8 எடுத்தால் நல்லவை 7 தான் இருப்பதால் ஒரு பியூஸாவது கட்டாயம் வரும். அட்டவணை 1-இல் தொடங்க வேண்டும், 0 என்ற வரியே கூடாது.

இன்னும் நுட்பமான ஒன்று. ஆங்கிலப் புள்ளியியலாளர் ரொனால்ட் ஃபிஷர் 1935-இல் விவரித்த தேநீர்ச் சோதனையைப் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். கோப்பையில் முதலில் பால் ஊற்றினார்களா, டீ ஊற்றினார்களா என்று சுவைத்தே சொல்வேன் என்றார் ஒரு பெண்மணி. 8 கோப்பைகள், 4 பால் முதலில், 4 டீ முதலில். நான்கு நான்கு என்பது அவருக்குத் தெரியும். வெறும் ஊகம்தான் என்றால் எட்டையும் சரியாகச் சொல்ல என்ன வாய்ப்பு? ஒவ்வொரு கோப்பைக்கும் 1/2 என்று எட்டு முறை பெருக்கி 1/256 என்று எழுதினால் தவறு. அவர் செய்வது 8-இல் 4 கோப்பைகளைத் தேர்ந்தெடுப்பது. சே(8, 4) = 70, வாய்ப்பு 1/70. அவர் தேர்ந்த நான்கில் சரியானவை 0, 1, 2, 3, 4 ஆக இருக்கும் நிகழ்தகவுகள் 1/70, 16/70, 36/70, 16/70, 1/70. சராசரி 2. ஒரு கோப்பையைத் தவறாகச் சொன்னால் மறுபக்கத்தில் இன்னொன்றும் தவறாகியே தீரும். ஆகவே எட்டில் சரியானவை என்று அட்டவணை போடும்போது 5 அல்லது 7 வந்திருந்தால், திரும்ப வைக்காத கணக்கைத் திரும்ப வைத்ததுபோலப் போட்டுவிட்டீர்கள்.

கோளாறு: கூட்டினால் 1, சராசரியும் சரி, ஆனால் விடை பொருந்தவில்லை

இதுதான் ஆபத்தானது. இதற்கு முன் சொன்ன கோளாறுகள் எல்லாம் தாமே கத்திச் சொல்லிவிடும். இது சத்தமே போடாது.

52 சீட்டில் 2 எடுக்கிறோம், ஏஸ்களின் எண்ணிக்கை வேண்டும். ஒருவர் இப்படிப் போடுகிறார்: 144/169, 24/169, 1/169. கூட்டுத்தொகை 1. சராசரி 26/169 = 2/13. இன்னொருவரின் விடை 188/221, 32/221, 1/221. கூட்டுத்தொகை 1. சராசரி 34/221, அதுவும் 2/13. திரும்ப வைக்காத கணக்குக்கு இரண்டாவதுதான் சரி. முதலாமவர் இரண்டாவது சீட்டுக்கும் பகுதியில் 52-ஐயே போட்டிருக்கிறார். கூட்டுத்தொகையும் சராசரியும் இரண்டுக்கும் ஒன்றாக இருப்பதால் அவற்றை மட்டும் சரிபார்த்தால் இந்தப் பிழை அகப்படாது.

அகப்பட வைக்க ஒரு சோதனை உண்டு. சீட்டுக்கட்டில் ஒரே ஓர் ஏஸ்தான் இருக்கிறது என்று எண்ணைச் சுருக்கி, உங்கள் வழிமுறையை அப்படியே ஓட்டுங்கள். இரண்டு ஏஸ் வரும் வாய்ப்பு 0 ஆக வேண்டும். முதலாமவரின் முறையில் 1/52 × 1/52 என்று ஏதோ ஒன்று மிஞ்சும். சரியான முறையில் 1/52 × 0/51, அதாவது 0. எந்தக் கணக்குக்கும் இதைச் செய்யலாம், அரை நிமிடம் ஆகும்.

தாயக்கட்டை போன தடவை என்ன விழுந்தது என்பதை நினைவில் வைத்திருக்காது. சீட்டுக்கட்டு வைத்திருக்கும்.

கோளாறு: "இரண்டாவது சீட்டுக்கு எப்படி 4/52 ஆகும்?"

இது தாளில் தெரியும் பிழை இல்லை, மனத்தில் நிற்கும் முடிச்சு. முதல் சீட்டு போய்விட்டது, மீதி 51. அப்படியானால் இரண்டாவது சீட்டு ஏஸாக இருக்கும் வாய்ப்பு 3/51 அல்லது 4/51 தானே, 4/52 எங்கிருந்து வந்தது?

முதல் சீட்டைப் பார்த்துவிட்டீர்கள் என்றால் 3/51 அல்லது 4/51 தான். அது நிபந்தனை நிகழ்தகவு. பார்க்கவில்லை என்றால் இரண்டையும் அவற்றுக்குரிய எடையோடு சேர்க்க வேண்டும்:

4/52 × 3/51 + 48/52 × 4/51 = (12 + 192)/2652 = 204/2652 = 4/52

கணக்குப் போடாமலும் பார்க்கலாம். சீட்டுக்கட்டை நன்றாகக் குலுக்கி மேசையில் கவிழ்த்து வைத்திருக்கிறீர்கள். மேலிருந்து இரண்டாவது சீட்டு ஏஸா என்று கேட்டால், முதல் சீட்டுக்கு இல்லாத எந்தச் சிறப்பு அதற்கு இருக்கிறது? 52 இடங்களும் குலுக்கலுக்கு ஒன்றுதான். முதலிடம், பத்தாமிடம், கடைசி இடம் எல்லாவற்றுக்கும் 4/52.

இந்தப் பாடத்தில் நான் மற்ற எதையும்விட அதிக நேரம் செலவிடுவது இந்த இடத்தில்தான். சராசரி ஏன் திரும்ப வைத்தாலும் வைக்காவிட்டாலும் மாறுவதில்லை என்பதற்கு விடை இங்கே இருக்கிறது. ஒவ்வோர் இடமும் தன் பங்காக 4/52 தருகிறது. எத்தனை இடமோ அத்தனை முறை கூட்டினால் சராசரி. இடங்கள் ஒன்றையொன்று சார்ந்திருக்கலாம், சராசரிகளைக் கூட்டுவதற்கு அது தடையே இல்லை. பெருக்குவதற்குத்தான் ஒன்றையொன்று சாரா நிகழ்ச்சிகள் வேண்டும்.

ஆக, எடுத்ததில் குறிப்பிட்ட வகை எத்தனை என்று எண்ணும் கணக்குகளில் எல்லாம்

சராசரி = எடுப்பது × வகையின் எண்ணிக்கை ÷ மொத்தம்

பல்புக்கு 4 × 3 ÷ 10 = 1.2. ஒற்றைச் சீட்டுக்கட்டில் ஜோக்கர் இல்லாமல் ரம்மிக்கு 13 சீட்டு வாங்கினால் ஏஸ்களின் சராசரி 13 × 4 ÷ 52 = 1. சராசரி 1 என்பதால் ஒவ்வொரு கையிலும் ஓர் ஏஸ் இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். ஏஸே வராமல் போகும் வாய்ப்பு ஏறத்தாழ 0.304, அதாவது 10 கைகளில் 3.

கோளாறு: பரவற்படி பெரிதாக வருகிறது

சராசரி ஒன்றுதான் என்று தெரிந்துகொண்ட உற்சாகத்தில் பரவற்படிக்கும் (மதிப்புகள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறுகின்றன என்ற அளவு) ஈருறுப்பு வாய்பாட்டையே போடுவார்கள். 4 × 0.3 × 0.7 = 0.84. அட்டவணையிலிருந்து போட்டுப் பாருங்கள்: மதிப்புகளின் வர்க்கங்களுக்குச் சராசரி (105 + 252 + 63)/210 = 2. அதிலிருந்து சராசரியின் வர்க்கமான 1.44-ஐக் கழித்தால் 0.56.

குறைவதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு பியூஸ் வந்துவிட்டால் அடுத்தது பியூஸாக இருக்கும் வாய்ப்பு இறங்குகிறது, நல்லது வந்தால் ஏறுகிறது. ஒன்று மிகும்போது மற்றது இழுத்துப் பிடிப்பதால் சிதறல் குறைகிறது. எவ்வளவு குறைகிறது என்பதையும் எழுதிவிடலாம். ஈருறுப்பு விடையை (மொத்தம் − எடுப்பது) ÷ (மொத்தம் − 1) என்பதால் பெருக்குங்கள். இங்கே அது 6/9. 0.84 × 2/3 = 0.56.

வாய்பாடு நினைவில் இருக்கிறதா என்று சந்தேகம் வந்தால் பெட்டியை முழுவதும் காலி செய்யுங்கள். 10-இல் 10 எடுத்தால் பியூஸ் எப்போதும் சரியாக 3 தான், சிதறலே இல்லை. பெருக்க வேண்டிய எண் 0/9, விடை 0. ஈருறுப்பு வாய்பாடு அங்கேயும் 2.1 என்று சொல்லும்.

பரவற்படி குறை எண்ணாக வந்தால் அது கூட்டல் கழித்தல் பிழை மட்டுமே. பெரும்பாலும் வர்க்கங்களின் சராசரிக்குப் பதிலாகச் சராசரியையே எழுதியிருப்பீர்கள்.

கோளாறு: சராசரி வாய்பாடு பொருந்தவே மாட்டேன் என்கிறது

மாறி எதை அளக்கிறது என்று திரும்பப் படியுங்கள். மேலே சொன்ன வாய்பாடு எண்ணிக்கைக்கு மட்டும்.

பாடப் பயிற்சிகளில் அடிக்கடி வரும் கணக்கு ஒன்று: 1 முதல் 6 வரை உள்ள எண்களில் இரண்டைத் திரும்ப வைக்காமல் எடுக்கிறோம், அவற்றில் பெரியது சமவாய்ப்பு மாறி. மொத்த வழிகள் 15. பெரியது 5 என்றால் மற்றது 1 முதல் 4 வரை எதுவாகவும் இருக்கலாம், 4 வழிகள். ஆக 2, 3, 4, 5, 6 என்ற மதிப்புகளுக்கு 1/15, 2/15, 3/15, 4/15, 5/15. சராசரி 70/15 = 14/3.

அட்டவணையில் 1 என்ற மதிப்பு வந்திருந்தால் இரண்டும் 1 என்று எடுத்திருக்கிறீர்கள், அது திரும்ப வைக்கும் கணக்கு. அங்கே சராசரி 161/36, அதாவது சுமார் 4.47. இங்கே 4.67. எண்ணிக்கையின் சராசரிதான் மாறாது, பெரியதன் சராசரி மாறும். இரண்டின் கூட்டுத்தொகை என்று கேட்டிருந்தால் இரு முறையிலும் 7.

14/3-க்கு ஒரு குறுக்கு வழியும் உண்டு: எடுப்பது × (மொத்தம் + 1) ÷ (எடுப்பது + 1) = 2 × 7 ÷ 3. இந்த வாய்பாட்டைத் திருப்பிப் போட்டால் என்ன ஆகும்? பெரியது தெரியும், மொத்தம் தெரியாது. இரண்டாம் உலகப் போரில் நேச நாடுகளின் புள்ளியியலாளர்கள் செய்தது இதுதான். கைப்பற்றிய ஜெர்மன் டாங்கிகளின் வரிசை எண்களை வைத்து, மாதத்துக்கு எத்தனை டாங்கி தயாராகிறது என்று மதிப்பிட்டார்கள். 1942 ஆகஸ்ட் மாதத்துக்கு உளவுத் தகவல் 1550 என்றது. வரிசை எண் கணக்கு 327 என்றது. போர் முடிந்து ஜெர்மன் பதிவேடுகளைப் பார்த்தபோது 342. ஒரே டாங்கியை இரண்டு முறை கைப்பற்ற முடியாது, ஆகவே அது திரும்ப வைக்காத கணக்கு.

கோளாறு: "முதல் வெள்ளை எத்தனையாவதாக வரும்?" என்பதற்கு 3 என்று வருகிறது

ஹைகன்ஸின் 12 பந்துகளுக்குத் திரும்புவோம். 4 வெள்ளை, ஆக வாய்ப்பு 1/3, ஆக சராசரியாக மூன்றாவது எடுப்பில் வெள்ளை வரும் என்று எழுதுகிறார்கள். திரும்பப் போட்டால் அது சரி. ஹுடேயின் வழியில் பந்து திரும்பப் போகாது. கறுப்பு ஒவ்வொன்றாகக் குறையக் குறைய வெள்ளைக்கு வாய்ப்பு ஏறிக்கொண்டே போகும். ஆகவே சராசரி 3-க்குக் குறைவாகத்தான் இருக்க வேண்டும். எந்த எண் வந்தாலும் முதலில் இந்தத் திசை சரியா என்று பாருங்கள்.

முதல் வெள்ளை 1, 2, 3 என்று 9 வரை ஏதோ ஓர் எடுப்பில் வரலாம். 8 கறுப்பும் தீர்ந்தால் ஒன்பதாவது வெள்ளைதான், 10 என்ற வரி வரக் கூடாது. வழிகள் முறையே 165, 120, 84, 56, 35, 20, 10, 4, 1, மொத்தம் 495. முதலாமவருக்கு 1, 4, 7 ஆம் எடுப்புகள்: 165 + 56 + 10 = 231. மற்ற இருவருக்கும் அதேபோல் 159, 105. மூன்றையும் 3-ஆல் வகுத்தால் 77 : 53 : 35 வந்து நிற்கும்.

சராசரி 1287/495 = 2.6. அட்டவணை இல்லாமலும் வரும். 4 வெள்ளைப் பந்துகள் வரிசையை 5 இடைவெளிகளாகப் பிரிக்கின்றன. 8 கறுப்பும் அந்த 5 இடைவெளிகளுக்குள் பாகுபாடு இல்லாமல் விழுகின்றன. முதல் இடைவெளிக்குச் சராசரியாக 8/5 = 1.6 கறுப்பு, அதற்கடுத்தது வெள்ளை. 1.6 + 1 = 2.6. பல்புப் பெட்டிக்கும் போட்டுப் பாருங்கள்: 7 நல்லவை, 3 பியூஸால் 4 இடைவெளிகள், முதல் பியூஸ் சராசரியாக 7/4 + 1 = 2.75-ஆவது எடுப்பில்.

கோளாறு: எண்கள் பெரிதாகி, கணக்கே போட முடியவில்லை

1000 பல்பு, 300 பியூஸ், 4 எடுக்கிறோம். சே(1000, 4) என்ற எண்ணைக் கையால் எழுதிக்கொண்டிருக்க வேண்டாம். நி(4)-ஐப் பின்னங்களாகப் பெருக்கினால் 300/1000 × 299/999 × 298/998 × 297/997, சுமார் 0.0080. ஈருறுப்பில் 0.0081. பரவற்படியைப் பெருக்கும் எண் 996/999, ஏறத்தாழ 1. எடுப்பது மொத்தத்தில் 20-இல் ஒரு பங்குக்கு மேல் போகாதவரை ஈருறுப்பைப் போட்டால் விடை பெரிதாக விலகாது, "தோராயமாக" என்று எழுதிவிட வேண்டும். நம் பெட்டியில் எடுத்தது 10-இல் 4. அங்கே அதைச் செய்தால் 35/210 வர வேண்டிய நி(0), 0.167-க்குப் பதிலாக 0.240 ஆகிவிடும்.